காசு வாங்காத சாயா

1

வேலைக்குப் போகிற வழியை நான் மாற்றிக்கொண்டு ஒரு வருடம் ஆகிறது. முன்பெல்லாம் வீட்டிலிருந்து இறங்கி, பெட்ரோல் பங்க் அருகே இடது பக்கம் திரும்பினால் நேரே பல் ஆஸ்பத்திரிதான். வாசலில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் 'எங்கே வலிக்கிறது' என்று கேட்டு எழுதிக்கொள்வது என் வேலை. இப்போது பள்ளிக்கூடத்தைச் சுற்றி, ரயில் பாதையைத் தாண்டிப் போகிறேன். நேர் வழியில் ஒரு டோனட் கடை இருக்கிறது. அந்தக் கடையின் வண்டி நிறுத்தும் இடத்தில்தான் போன குளிர்காலத்தில் என் வீட்டுக்காரரை ஒருவன் கத்தியால் குத்தினான்.

ஊரிலிருந்து ஃபோனில் பேசுகிறவர்கள் முதலில் கேட்பது, 'குத்தினவனைப் பிடிச்சாச்சா' என்றுதான். பிடித்தாயிற்று. சிறையில் இருக்கிறான். அவனைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அடுத்த கேள்வி, 'கேஸ் என்ன ஆச்சு?' இதற்குத்தான் பதில் சொல்லி மாளவில்லை. 'குத்தினவன் உள்ளே இருக்கான், அப்புறம் யாரு மேல கேஸு?' என்பார்கள். கடை மேல் என்றால், 'கடை என்னட்டி செஞ்சுது?' என்பார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போய் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். இங்கே பாதிக் கடைகளுக்குப் பெயர் ஒருத்தருடையது, கடை இன்னொருத்தருடையது. நாகர்கோவிலில்கூட ஐஸ்கிரீம் கடை, பேக்கரி எல்லாம் இந்த வகையில் வந்துவிட்டதாகக் கேள்வி. பெயருக்குச் சொந்தமான கம்பெனி எங்கோ ஒரு பெரிய நகரத்தில் இருக்கும். மாவு அவர்களிடம்தான் வாங்க வேண்டும். தொப்பியின் நிறம், டோனட்டின் மேல் எவ்வளவு சர்க்கரை தூவுவது, கக்கூஸில் எந்த சோப்பு வைப்பது, எல்லாம் அவர்கள் சொல்வதுதான். வருகிறவர்களைப் பார்த்து எப்படிச் சிரிக்க வேண்டும் என்பதற்குக்கூடப் பயிற்சி உண்டு. ஆனால் கடை வாசலில் ஒரு மனிதர் குத்துப்பட்டு விழுந்தால், 'அது எங்கள் கடை அல்ல, பெயர் மட்டும்தான் எங்களுடையது' என்று கம்பெனி கையை உதறிவிடுகிறது. கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்டுக்கொண்டு பந்திச் செலவு என்றதும் காணாமல் போகிற சித்தப்பாவை எல்லாக் குடும்பத்திலும் பார்த்திருக்கிறோம்.

2

அந்தக் கடையை நடத்துகிறவர் ஜெபராஜ் அண்ணன். கருங்கல்காரர். நானும் என் வீட்டுக்காரர் முருகேசனும் அஞ்சுகிராமம். ஊரில் இருந்திருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டோம். மாவட்டத்தின் இந்தக் கோடியும் அந்தக் கோடியும். இங்கே ஓர் இந்தியப் பலசரக்குக் கடையில், குளிர்பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவர் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார்: "இல்ல மக்கா, மரச்சீனியக் காணல்ல. எங்க கொண்டு வச்சிருக்கானுவன்னு தெரியல்ல." என் வீட்டுக்காரர் தள்ளுவண்டியை என் கையில் விட்டுவிட்டு அந்தப் பக்கம் பாய்ந்தார். அன்று நாங்கள் வாங்க வந்த எதையும் வாங்கவில்லை. மரச்சீனிக் கிழங்கும் மீனும் மட்டும் வாங்கி அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டோம்.

அதிலிருந்து தினமும் ஃபேக்டரி வேலை விட்டதும் என் வீட்டுக்காரர் நேரே டோனட் கடைக்குப் போவார். டோனட் இவருக்குப் பிடிக்காது. 'ஓட்டை போட்ட பன்னுக்கு இந்த விலையா' என்பார். போவது சாயாவுக்கு. டீயை அண்ணன் அப்படித்தான் சொல்வார். கம்பெனி விற்கிற பட்டியலில் சாயா கிடையாது. ஜெபராஜ் அண்ணன் பின்பக்கத்தில், சோதனைக்கு வருகிறவர்கள் கண்ணில் படாமல் ஒரு சின்ன அடுப்பு வைத்து, இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்கவைப்பார். அதைக் கம்பெனியின் காகிதக் கோப்பையிலேயே ஊற்றி, கடையின் மூலை மேசையில் இருவரும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வம்பளப்பார்கள்.

"உங்க ஆளுங்க பேசினா பாட்டுப் பாடுத மாதிரியில்லா இருக்கு. பேசுதீங்களா, ஜெபம் பண்ணுதீங்களான்னு தெரியல" என்பார் இவர்.

"நீ முதல்ல தமிழப் படிச்சிட்டு வாலே. பாதி திருநெவேலி, பாதி நாரோயில். உனக்க பேச்சு ரெண்டுங்கெட்டானாக்கும்" என்பார் அவர்.

ஆரம்பத்தில் சாயாவுக்குக் காசு கொடுக்கப் பார்த்திருக்கிறார் இவர். அண்ணன் மேசையில் வைத்த நோட்டை எடுத்து இவர் சட்டைப் பையிலேயே திணித்து, "உனக்கிட்ட பைசா வாங்கினா எனக்கு வெளங்குமா?" என்றாராம். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. ஊர்க்காரனுக்குப் பில் போடுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு ஏது. பின்னால் இது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யார் கண்டது.

கடைக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு விளக்கு எரியாமல் கிடந்தது. அங்கே வைத்து இரண்டு பேரிடம் பை பறித்திருந்தார்கள். அண்ணன் கம்பெனிக்குச் சொன்னார். பாதுகாப்பு உங்கள் பொறுப்பு என்று பதில் வந்தது. சரி என்று சொந்தச் செலவில் ஒரு விளக்கு மாட்டப் போனார். அந்த விளக்கு எங்கள் கடைகளின் தோற்றத்துக்குப் பொருந்தாது, மாட்டக் கூடாது என்று அதே கம்பெனி சொல்லிவிட்டது. இவர் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

3

அன்று நான் ரசவடை செய்திருந்தேன். பருப்பு வடையைச் சூடாக ரசத்தில் ஊறப்போடுகிற நாகர்கோவில் பக்கத்துப் பலகாரம். ஜெபராஜ் அண்ணனுக்கு உயிர். மத்தியான ஷிஃப்டுக்குக் கிளம்பியவரிடம் எவர்சில்வர் தூக்கில் போட்டுக் கொடுத்தனுப்பினேன். பிறகு வேலை சீக்கிரம் முடிந்து ஐந்து மணிக்கே கடைக்குப் போயிருக்கிறார். இங்கே குளிர்காலத்தில் ஐந்து மணி என்றால் இருட்டிவிடும். சாயா குடித்து முடித்தபோதுதான் தூக்கு வண்டியிலேயே இருப்பது ஞாபகம் வந்திருக்கிறது. 'எடுத்துட்டு வாறேன்' என்று பின்பக்கம் போனவர் திரும்பவில்லை.

ஜெபராஜ் அண்ணன்தான் கூப்பிட்டார். "தங்கச்சி, பிள்ளையக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்கு வா. நான் அவன்கூடத்தான் இருக்கேன்." நாங்கள் போனபோது கம்பெனியின் மேலங்கியோடு நின்றுகொண்டிருந்தார். அதன் நிறமே தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

அங்கேயே ஒரு போலீஸ்காரப் பெண் வந்து விவரம் கேட்டாள். 'உங்களோடு நிற்கும் இவர் யார்?' நான் 'மை பிரதர்' என்றேன். அவள் எழுதிக்கொண்டாள். நம் ஊரில் அண்ணன் என்பதற்குப் பொருள் சொல்ல வேண்டியதில்லை. இங்கே எழுதின எழுத்து எழுதினதுதான். 'உடன்பிறந்தவரா, தாய் ஒன்றா தந்தை ஒன்றா' என்று பிறகு என்னை எத்தனை பேர் எத்தனை முறை கேட்டார்கள் என்பதற்குக் கணக்கில்லை.

ரசவடைத் தூக்கு இன்னும் போலீஸிடம்தான் இருக்கிறது. திரும்பக் கேட்க எனக்குத் தெம்பில்லை.

4

இங்கேயே தகனம் செய்தோம். ஜெபராஜ் அண்ணனும் அவர் மனைவி சுகந்தியும் கடைசி வரிசையில் நின்றார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. பதினாறாம் நாள் வரவில்லை. அஸ்தியைக் கன்னியாகுமரிக் கடலில் கரைத்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் வரவில்லை. ஃபோன் அடித்தால் எடுப்பதில்லை. ஒருமுறை அதே பலசரக்குக் கடையில் சுகந்தி என்னைப் பார்த்துவிட்டு, அரிசி மூட்டைகளின் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டாள்.

அம்மா ஊரிலிருந்து ஒவ்வொரு வாரமும் கேட்பாள். "ஏட்டி, அந்தக் கருங்கல்காரன் துட்டி கேக்க வந்தானா?"

"இல்லம்மா."

"அவன் கடை வாசல்ல வச்சு நடந்திருக்கு. வந்து ஒரு வார்த்தை கேக்கலன்னா அவன் என்ன மனுசன்ட்டி?"

எனக்கும் அதுதான் நெஞ்சில் கிடந்து அறுத்தது. குத்தினவன் யாரோ. அவன் மேல் வருகிற கோபத்துக்கு முகமில்லை. அண்ணன் மேல் வந்த கோபத்துக்கு முகமும் குரலும் இஞ்சி வாசமும் இருந்தன. நம் பக்கத்தில் ஜென்மப் பகைக்காரனும் துட்டிக்கு, சாவு வீட்டில் துக்கம் கேட்க, வருவான். வந்து ஒரு மூலையில் தலை குனிந்து உட்கார்ந்துவிட்டு, போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் எழுந்து போவான். அவ்வளவு போதும். அதைக்கூடச் செய்யவில்லையே என்று எத்தனையோ நாள் அழுதிருக்கிறேன்.

அப்பா அஞ்சுகிராமத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஒருநாள் சாமான் வாங்கிக்கொண்டு படியிறங்கிய ஒரு அக்காவின் சங்கிலியை, பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். அப்பா கடையைப் பாதியில் அடைத்துவிட்டு அவளோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். மறுநாள் அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "உம்ம யாரு போவச் சொன்னா? 'குத்தமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்'னு ஊரே சொல்லுது. இவனுக்கும் அதுல பங்கிருக்குமோன்னு பேசுதாவ." பேசினார்கள்தான். போலீஸ்காரரே அப்பாவைத் தனியாக அழைத்து, உமக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டார். அப்பா திரும்பி வந்து சொன்னது இவ்வளவுதான்: "நம்ம கடைக்கு வந்ததுனாலதானட்டி அவளுக்கு அது போச்சு." அந்த அக்கா அடுத்த வாரம் புளி வாங்க எங்கள் கடைக்கே வந்தாள். சங்கிலி கிடைக்கவே இல்லை.

போய்த் துக்கம் விசாரிப்பதைக் குற்றத்தின் ஒப்புதலாக எடுத்துக்கொள்கிற ஆட்கள் அங்கேயும் உண்டு என்பது, இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

5

வழக்குப் போடலாம் என்று சொன்னது என் மகள் காவ்யா. பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம் படிக்கிறாள். தமிழ் கேட்டால் புரியும். பேசச் சொன்னால் அவள் வாயில் வார்த்தைகள் கூச்சப்படும். அப்பாவிடம் மட்டும் கொஞ்சம் பேசுவாள். அவர் போனபின் அதுவும் இல்லை. சாப்பிட வா என்று நான் தமிழில் கூப்பிட்டால், பசியில்லை என்று அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். ஒரே வீட்டுக்குள் இரண்டு நாடு.

"இது பழி வாங்குறது இல்லம்மா. அந்த விளக்க ஏன் போட விடலன்னு கம்பெனிய யாராவது கேக்கணும்" என்றாள். இதையும் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். நான் நம் மொழியில் எழுதிக்கொள்கிறேன்.

"ஜெபராஜ் அங்கிளையும் சேத்துதான் கேஸு போடணும்னு வக்கீலம்மா சொல்லுதாங்க மக்கா."

"அவர் அங்கிள் இல்ல. எதிர்த்தரப்பு."

எங்கள் வக்கீல் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நல்லவர். என் பெயரைச் சரியாகச் சொல்வதற்காகக் கண்ணாடி முன்னால் பழகினாராம். அவர் சொல்லித்தான் அண்ணன் வராத காரணம் தெரிந்தது. கம்பெனியும் இன்ஷூரன்ஸ்காரர்களும் அவரை எங்களோடு பேசக் கூடாது என்று தடுத்திருக்கிறார்கள். 'வருந்துகிறேன்' என்று ஒரு சொல் சொன்னாலும் அது குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகிவிடுமாம். இங்கே வருத்தத்துக்குக்கூட வக்கீலிடம் அனுமதி வாங்க வேண்டும்.

கம்பெனி பிடித்துக்கொண்டது வேறொன்றை. கடைக்கு வியாபாரத்துக்கு வந்தவரைப் பாதுகாப்பது கடையின் கடமை. ஆனால் கடைக்காரரைப் பார்க்க வந்த சிநேகிதர் என்றால் அந்தக் கடமை அவ்வளவு இல்லை என்றது. அதனால் அவர்கள் கேட்ட கேள்வி, முருகேசன் அன்று வாடிக்கையாளராக வந்தாரா, விருந்தாளியாக வந்தாரா? எதையாவது வாங்கினாரா? பில் எங்கே?

பில் இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பில்கூட இல்லை.

கோர்ட்டுக்குப் போகும் முன்பே வக்கீல் ஆபீஸில் உட்காரவைத்து, சத்தியம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்பது இங்கே வழக்கம். என்னைக் கேட்ட அன்று மொழிபெயர்க்க ஃபோனில் ஒரு தமிழரை வைத்திருந்தார்கள். எந்த ஊர்க்காரரோ, சுத்தமான செய்தித் தமிழ். "தூக்குப் பாத்திரத்தில் இருந்த உணவுப் பொருள் யாருக்காக, அம்மையீர்?" அண்ணனுக்கு என்றேன். கம்பெனி வக்கீலின் முகத்தில் ஒரு சின்ன வெளிச்சம் வந்தது. சமைத்த பண்டத்தைச் சுமந்துகொண்டு ஒருவர் கடைக்குப் போனால் அவர் எப்படி வாடிக்கையாளர் ஆவார்? என் ரசவடையே அவரை விருந்தாளியாக்கிவிட்டது.

"தங்கள் கணவர் விருந்தாளியா, வாடிக்கையாளரா?" என்று ஃபோன் தமிழர் கேட்டார்.

"ரெண்டும்தான்" என்றேன்.

"ஒன்றைத்தான் தெரிவு செய்யச் சொல்கிறார்கள்."

அழுதுவிட்டேன். இடைவேளை விட்டு எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் எங்கள் வக்கீல் மெதுவாகச் சொன்னார், இனி எல்லாம் கடைக்காரர் வாயில்தான் இருக்கிறது என்று. முருகேசன் என் சிநேகிதர், என்னைப் பார்க்கத்தான் வந்தார் என்று அவர் சொல்லிவிட்டால் வழக்கு அநேகமாக அவ்வளவுதான். அவருடைய வக்கீல்கள் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

வீட்டுக்கு வருகிற வழியில் காவ்யா கேட்டாள். "அங்கிள் உண்மையைத்தானே சொல்வார்?"

கோபத்திலும் அங்கிள் என்று வாயில் வந்துவிட்டது அவளுக்கு. உண்மைதான் நமக்கு எதிராக இருக்கிறது என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கம்பெனி தப்பிப்பதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஆனால் இவர் செத்ததற்கு யாரும் பொறுப்பில்லை என்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் எழுதிவைத்துவிடுவார். அதைத் தாங்கிக்கொண்டு இந்த ஊரில் இருக்க முடியுமா என்பதுதான் என் பயம்.

6

போன ஞாயிற்றுக்கிழமை இவருக்கு முதல் ஆண்டுத் திதி. இவருக்குப் பிடித்த அவியலும் பருப்பும் வைத்து, படத்துக்கு முன்னால் இலை போட்டேன். காக்காய்க்கு வைக்கலாம் என்று பின்கதவைத் திறந்தால், கொட்டுகிற பனியில் ஒரு குருவியைக்கூடக் காணோம். சோற்றைச் சுவர் மேல் வைத்துவிட்டு உள்ளே வந்தபோது வாசல் மணி அடித்தது. காவ்யா திறந்தாள். பிறகு உள்ளே பார்த்துச் சொன்னாள், "அம்மா, மிஸ்டர் ஜெபராஜ் வந்திருக்கார்."

சுகந்தி நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒரு வருஷமாக அடக்கிவைத்த அழுகை. நானும் அழுதேன். திட்ட வேண்டும் என்று சேர்த்துவைத்திருந்ததெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அண்ணன் பாதியாக இளைத்திருந்தார். சோஃபாவின் விளிம்பில் உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை என்னயக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டாவ தங்கச்சி" என்றார். "அதுக்கு முன்ன இங்க வந்தா, உனக்கிட்ட பேசி வச்சிட்டு வந்து சொல்லுகான்னு ஆயிரும். அதாக்கும் வரல்ல. இப்ப முடிஞ்சாச்சு. இனி எவன் என்ன பறஞ்சாலும் எனக்கு ஒண்ணுமில்ல."

நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"முருகேசன் எனக்க சிநேகிதன், என்னயப் பாக்க வந்தான்னு சொல்லு, கடை தப்பிக்கும்னு எனக்க வக்கீலு படிச்சுப் படிச்சுச் சொன்னான். அது பொய்யும் இல்லல்லா. அதாக்கும் கஷ்டம்."

"நீங்க என்ன சொன்னிய?"

"அவரு உனக்கு யாருன்னு கேட்டாவ. கடைக்கு வாற ஆளுன்னேன். பில் இல்லியேன்னான். பில் போட விட்டுப்போச்சு, எனக்க தப்புன்னேன். அந்தம்மா உங்கள அண்ணன்னு போலீஸ்ல சொல்லியிருக்காவளேன்னான். எங்க ஊர்ல பஸ்ஸில டிக்கெட் கிழிக்கவனையும் அண்ணன்னுதான் கூப்பிடுவாவன்னேன். வடையப் பத்திக் கேட்டான். கடைக்காரன் நல்லவன்னா வாடிக்கைக்காரவ கொண்டு தாறது உண்டுன்னேன்."

சொல்லிவிட்டு இவர் படத்தைப் பார்த்தார். இலையில் அவியல் ஆறிக்கொண்டிருந்தது.

"கடைசியில நேராவே கேட்டான். அவரு உங்க சிநேகிதர் இல்லியான்னு. இல்லன்னேன். கடைக்கு வெளிய ஒரு தடவகூட பழகினது இல்லியான்னான். இல்லன்னேன். கையத் தூக்கி ஆண்டவர் பேரில சத்தியம் பண்ணிட்டாக்கும் சொன்னேன். எனக்க மோளுக்க ஞானஸ்நானத்துக்குப் பந்தி விளம்பினவன் தங்கச்சி அவன்."

சுகந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குத் தெரியும், கம்பெனி இனி அவர்களை விட்டுவைக்காது என்று. அண்ணன் அதையும் சொன்னார். "போர்டக் கழத்திட்டுப் போவாவ. போவட்டும். அந்த வெளக்க நான் அவன்மார்ட்ட கேக்காம மாட்டியிருக்கணும். மாட்டல்ல."

தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"அவன் எனக்கு யாருமில்லன்னு பறஞ்சிட்டு, இப்ப துட்டி கேக்க வந்திருக்கேன். யாருக்குக் கேக்கேன்னு நீயே சொல்லு."

இவர் இருந்திருந்தால் 'ஏலே மக்கா, விடுலே' என்று முதுகில் ஒன்று போட்டிருப்பார்.

அடுக்களையிலிருந்து இஞ்சி தட்டுகிற சத்தம் வந்தது. காவ்யா எப்போது உள்ளே போனாள் என்று நான் கவனிக்கவில்லை. தட்டில் மூன்று தம்ளர் கொண்டுவந்தாள். பால் கூடிப்போய் வெளுத்த சாயா. சர்க்கரை போட மறந்திருந்தாள். "அங்கிள், சாயா" என்று தமிழில் சொல்லி அவரிடம் நீட்டினாள். டீ என்றுதான் அவள் எப்போதும் சொல்வாள். அப்பாதான் சாயா என்பார், அண்ணனைக் கேலி செய்வதற்காகப் பிடித்துக்கொண்ட சொல் அது. இந்த வீட்டில் அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதுவரை அழாமல் இருந்த அண்ணன் தம்ளரைக் கையில் வாங்கியதும் உடைந்துவிட்டார்.

குடித்து முடித்ததும் இருவரும் எழுந்தார்கள். ஒரு வார்த்தையும் சொல்லாமல் செருப்பைப் போட்டுக்கொண்டு பனியில் இறங்கிப் போனார்கள்.

"ஏன் 'பை பை' சொல்லாமல் போகிறார்கள்?" என்றாள் காவ்யா.

"துட்டி வீட்டுல சொல்லிட்டுப் போக மாட்டாங்க மக்கா."

அவள் கதவைச் சாத்திவிட்டு, அதில் சாய்ந்து நின்றாள். "அங்கிள் பொய் சொன்னார், இல்ல?"

"ஆமா."

"நமக்காகவா?"

"ஆமா."

சட்டம், நியாயம் என்று ஒரு வருஷம் என்னிடம் வாதாடியவள். ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். "அப்பா இருந்தா அங்கிளத் திட்டியிருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள். தமிழில்தான்.

7

மறுநாள் வக்கீல் கூப்பிட்டார். குரலில் அவ்வளவு உற்சாகம். கடைக்காரரின் சாட்சியம் நமக்கு முழுச் சாதகம். வழக்கு நிற்கும். கம்பெனி இனி நழுவ முடியாது. "உங்கள் நல்லகாலம், அவருக்கு உங்கள் கணவரை வெறும் முகப்பழக்கம்தானாம். அப்படித்தானே?"

காவ்யா எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோனில் வக்கீல் காத்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்" என்றேன். "வெறும் முகப்பழக்கம்தான்."

கேஸ் என்ன ஆச்சு என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். அநேகமாக ஜெயித்துவிடுவோம். எனக்குச் சந்தோஷமாக இல்லை. அந்தச் சாட்சியத்தைத் தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கி, கோர்ட்டில் பத்திரமாக வைப்பார்கள். என் மகளுடைய பிள்ளைகள் ஒருநாள் தேடிப் பார்த்தால்கூட அதில் இருப்பது அந்த 'இல்லை' மட்டும்தான்.

அதனால்தான் பெயர்களை மட்டும் மாற்றி, கம்பெனிக்குப் படிக்கத் தெரியாத நம் தமிழில் இதை எழுதிவைக்கிறேன். கருங்கல்காரர் ஒருவரும் அஞ்சுகிராமத்துக்காரர் ஒருவரும் இந்த ஊரில் ஒரு டோனட் கடையின் மூலை மேசையில் தினமும் ஒன்றாக உட்கார்ந்து சாயா குடித்தார்கள். இவர் ஒருநாளும் காசு கொடுத்ததில்லை. அவர் ஒருநாளும் வாங்கினதில்லை.